உப்பில்லாத கலவை

203ஆம் நாள், காலை 9.10

நடந்த அநியாயத்தை முதலில் எழுதிவிடுகிறேன். வலிப்பு மருந்திலிருந்து உப்பை எடுத்துவிட்டார்கள். எடுக்கக் கூடாது என்று சொன்ன என்னை மருந்தறையில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

என் பெயர் மரியபுஷ்பம். வயது அறுபத்தெட்டு. செவ்வாய்க்குப் போகும் இந்தக் கப்பலில் மருந்து கலப்பவள். பட்டம் கிடையாது, பாட்டில் நிரப்பும் கம்பெனியில் நின்று நின்று கற்றது. கப்பலில் வலிப்பு உள்ளவன் ஒருவன்தான்: அமல்தாஸ், காற்று இயந்திரங்களைப் பார்ப்பவன். தலையில் அடிபட்டதிலிருந்து அவனுக்கு மாத்திரை விழுங்க வராது, அதனால் குடிக்கும் மருந்துதான்.

அறை வெப்பம் 24. காற்று சீர். கதவு பூட்டு.

203ஆம் நாள், பிற்பகல் 2.40

விவரம். கப்பல் சுழல்வதால் பூமியைப் போல இங்கேயும் எதுவும் கீழே இறங்கும். உப்பு போட்டால் மருந்துத் தூள் பஞ்சு பஞ்சாகச் சேர்ந்து சீக்கிரம் கீழே இறங்கும். மேலே தெளிந்த நீர் நிற்கும். பார்க்க அசிங்கம்தான். ஆனால் நாலு குலுக்கில் மொத்தமும் எழும்பிவிடும். உப்பு இல்லாவிட்டால் பால் மாதிரி அழகாக நிற்கும். அந்த அழகுக்குள்ளேயே தூள் மெல்ல இறங்கி, அடியில் சிமெண்ட் மாதிரி இறுகும். அப்புறம் எவ்வளவு குலுக்கினாலும் எழும்பாது. மேல்பகுதியில் மருந்து போதாது. அடியில் இருப்பது விஷம்.

முதலில் கேலி செய்தவன் அமல்தாஸ்தான். இன்டர்காமில் கப்பல் முழுக்கக் கேட்கும்படி: "என்னக்கா இது, மேல தண்ணி, கீழ சுண்ணாம்பு. குடிக்கவா, சுவத்துல அடிக்கவா?"

கப்பலே சிரித்தது. கப்பல் தலைவர், ஆணையர் குழந்தைவேல் உப்பை நிறுத்தச் சொன்னார். நான் மாட்டேன் என்றதும் டாக்டர் ரெஜினா உப்பில்லாமல் புதிதாகக் கலந்தாள். அதைக் குடித்த இந்த மாதத்தில் அமல்தாஸுக்கு இரண்டு முறை வலிப்பு வந்தது. நேற்று மிச்சமிருந்த பாட்டில்களைத் திறந்து கழிவுத் தொட்டியில் கொட்டினேன். அதற்குத்தான் இந்தப் பூட்டு. அவன் கையில் இருந்த ஒரு பாட்டிலை மட்டும் வாங்க முடியவில்லை.

ஆணையர், இன்டர்காமில்: "அம்மா, கலவை சரிதான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே திறந்துடறேன்."

என் பதில்: "திறக்க வேண்டாம்."

சாமான்கள் உள்ளேதான் இருக்கின்றன. உப்பு போட்டு ஆறு பாட்டில் கலந்து வைத்தேன்.

204ஆம் நாள், காலை 11.30

செவ்வாயை நெருங்கியதால் கப்பலின் வேகம் குறைக்கும் ராக்கெட் எரிப்பு இன்று காலை முடிந்தது. நெஞ்சின்மேல் ஆள் உட்கார்ந்ததுபோல் எடை. கதவுச் சட்டம் வளைந்துவிட்டது. பூட்டைத் திறந்துவிட்டார்கள், கதவு அசையவில்லை. காற்றுக் குழாய் அறுந்து, அடைப்பான் தானாக மூடிக்கொண்டது. உள்ளே இருக்கும் காற்று மட்டும்தான் எனக்கு.

அமல்தாஸ் வெளியிலிருந்து வெட்டுகிறான். வெட்டும் கருவியை அவன் ஒருவன்தான் கையாளுவான்.

204ஆம் நாள், பிற்பகல் 1.05

அமல்தாஸ்: "அக்கா, பாதி முடிஞ்சுது. சுண்ணாம்பெல்லாம் பத்திரமா? வெளிய வந்து என்னைத் திட்டணும்ல, தெம்பா இருங்க."

மருந்து குடித்தாயா என்று கேட்டேன்.

"காலையிலயே பாட்டில் காலிக்கா. அடியில கட்டியா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. வீணாக்குவானேன்னு வெந்நி ஊத்தி, கம்பிய விட்டுக் கிண்டி, அலசிக் குடிச்சுட்டேன்."

எரிப்பின் எடையில் கட்டி இன்னும் இறுகியிருக்கும். ஒரு மாதத்து மருந்து, ஒரே மடக்கில். பாட்டிலை அலசாமல் எறிகிற வழக்கம் நம் வீடுகளில் ஏது? அவனும் அலசிக் குடிப்பான் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்.

ரெஜினாவைக் கூப்பிட்டேன். அவள் கீழ்த்தளத்தில் எரிப்பில் காயம்பட்டவர்களோடு இருக்கிறாள். பதில் இல்லை.

204ஆம் நாள், பிற்பகல் 2.20

அவன் நாக்கு குழறுகிறது. கருவியின் சத்தம் விட்டு விட்டு வருகிறது.

"அக்கா... கதவு ரெண்டாத் தெரியுது. எந்தக் கதவ வெட்ட?"

"கருவியைக் கீழே வை."

"வச்சா... நீங்க?"

"வைடா கீழே!"

சத்தம் நின்றது. பிறகு ஆள் விழுந்த சத்தம்.

204, மாலை

தலை இடிக்கிறது. கோடு நேராக வரவில்லை. குழந்தைவேல் இன்டர்காமில் கிடைத்தார். சொல்லிவிட்டேன். மறந்துவிடுவார், எழுதியும் வைக்கிறேன்.

ரெஜினா: அமல்தாஸை ஒருக்களித்துப் படுக்க வை. விழுங்கும் அளவுக்கு நினைவு இருந்தால் மட்டும், விஷத்தை உறிஞ்சும் கரித்தூளைக் கரைத்துக் கொடு. மூச்சைவிட்டுக் கண்ணை எடுக்காதே.

குழந்தைவேல்: காற்று இயந்திரத்துக்கு இப்போது ஆள் இல்லை. நீ போய் நில். நாற்பது பேர் மூச்சுவிட வேண்டும். என் கதவை அப்புறம் பார்.

இனிமேல் மருந்து கலப்பவர் யாரானாலும்: உப்பைப் போடு. யார் சிரித்தாலும் போடு.

கதவைத் திறப்பவர்: மேசைக்கடியில் ஆறு பாட்டில். அவற்றின் மேலேதான் நான் கிடப்பேன். என்னை நகர்த்தும்போது உடைத்துவிடாதீர்கள். மேலே வெறும் தண்ணீராகத் தெரியும், கொட்டிவிடாதீர்கள். அமல்தாஸ் தெளியட்டும். ரெஜினா சொன்ன பிறகு ஒரு மூடி, குலுக்கி, நன்றாகக் குலு