இல்லாத லைன்

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மாவுக்குக் கண் கட்டு அவிழ்த்தாயிற்று. பார்வை நன்றாக இருக்கிறது. இனி என் முகத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுவாள் என்பதுதான் என் பயம். அண்ணிக்கு முதுகுவலி தேவலையா?

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ பேசுவாய், நான் உம் கொட்டுவேன். அதனால் எழுதுகிறேன். பாதியில் மடக்கி வைக்காமல் முழுதாகப் படி.

செவ்வாய்க்கிழமை எங்கள் துணைமின் நிலையத்தில் காற்றாலைகளை மின்தொகுப்போடு இணைத்தோம். மொத்தம் நாற்பது. காலையிலிருந்தே பலத்த காற்று. நான் திரை முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு வந்தேன். பன்னிரண்டு வரை மின்னழுத்தம் சொன்ன பேச்சைக் கேட்டது. பதினைந்தில் எண்கள் ஆடத் தொடங்கின. காற்று ஓங்கி அடித்தால் ஓர் ஆட்டம், ஓய்ந்தால் இன்னோர் ஆட்டம். அறை விளக்குகள் மங்கி மங்கி எரிந்தன. காற்றுக்குத் தக்கபடி அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கத் தனிக் கருவி எதுவும் இங்கே தேவைப்படாது என்று, இந்த இணைப்புக்காக நீ ஆராய்ந்து எழுதிக் கொடுத்த அறிக்கை சொல்லியிருந்தது.

நிறுத்திவிடலாம் என்றேன். மேலாளர் கேட்கவில்லை. “ரிப்போர்ட்ல நாப்பதும் தாங்கும்னு இருக்கு. எழுதினது உங்க அண்ணன்தானே? அவர் மேலயே நம்பிக்கை இல்லையா?” என்றார். பதினாறு, பதினேழு என்று சேர்த்தேன். அது என் தப்பு.

பத்தொன்பதாவதைச் சேர்த்ததும் அழுத்தம் சட்டென்று சரிந்தது. காற்றாலைகள் எல்லாம் ஒரே நொடியில் கழன்றுகொண்டன. அவற்றுக்காகப் போட்டிருந்த, அழுத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும் கெபாசிட்டர்கள் மட்டும் லைனில் நிற்க, அழுத்தம் எகிறியது. வெளியே வெடிச்சத்தம். மின்னல் தாங்கி ஒன்று வெடித்துப் பீங்கான் சில்லுகள் நாலாபுறமும் தெறித்திருந்தன. ‘ஒட்டகம்’ என்று நாங்கள் கூப்பிடும் நெட்டையான லைன்மேன் அந்தப் பக்கம்தான் மீட்டர் குறிக்கப் போயிருந்தார்.

செருப்பில்லாமல் ஓடினேன். கழுத்தைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார். விரலிடுக்கில் ரத்தம். என்னைப் பார்த்ததும், “மேடம், நான் எதையும் தொடலீங்க” என்றார். அந்த நிலையிலும் பழி தன்மேல் விழுமோ என்றுதான் பயம் அவருக்கு. ஒன்பது தையல். ஒரு விரல்கடை தள்ளிப் பட்டிருந்தால் உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர்.

மறுநாள் உன் அறிக்கையை வரிவரியாகப் பார்த்தேன். கணக்கில் பிசகு இல்லை. ஆனால் எங்கள் நிலையத்துக்கு இரண்டு லைன் வருவதாக வைத்துப் போட்டிருக்கிறாய். ஒன்றைப் போன வருஷமே கழற்றிவிட்டார்கள். ஒற்றை லைன் நாற்பதைத் தாங்காது. அதை உனக்குத் தெரிவித்த கடிதம் கோப்பில் இருக்கிறது. கீழே ‘பெற்றுக்கொண்டேன்’ என்று உன் கையெழுத்து. தேதியைப் பார்த்தேன். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த வாரம் அது. எனக்குப் புரிகிறது, அண்ணா. இந்த விபத்தை விசாரிக்கும் குழுவுக்குத் தேதி மட்டும்தான் தெரியும்.

ஒட்டகம் ஏதோ சுவிட்சைத் தட்டிவிட்டதாக எழுதச் சொல்கிறார் மேலாளர். “உங்க அண்ணன் பேரும் கெடாது, யாருக்கும் தொல்லையில்ல” என்கிறார். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை அந்தக் குழுவிடம் என் அறிக்கையைக் கொடுக்க வேண்டும். எழுதி முடித்துவிட்டேன். இல்லாத லைன் அதில் இருக்கிறது. நிறுத்தாமல் தொடர்ந்த நானும் இருக்கிறேன். உன் பெயரும் இருக்கிறது. நான் அதைக் கொடுப்பதற்கு முன்னால் நீயே குழுவுக்கு எழுதிவிடு. நாலு வரி போதும். நீ சொல்லித் தெரிவது வேறு, நான் சொல்லித் தெரிவது வேறு.

நீ எழுதாவிட்டாலும் நான் கொடுத்துவிடுவேன். அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கம்போல எனக்குப் போன் செய், அண்ணா.

உன்
தங்கை