பவுலின் வரைந்த குளக்கரை

சேசு மரி சூசை

டயகம,
20.2.1959

அன்பு மகள் பவுலினுக்கு அப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, உனக்கும் அப்படியே இருக்க வேண்டுமென்று தினமும் செபமாலை சொல்லும்போது கேட்டுக்கொள்கிறேன்.

நீ பென்சிலால் வரைந்து அனுப்பிய படம் கசங்காமல் வந்து சேர்ந்தது. வேலை விட்டு வந்து கைகால் கழுவி வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். முதலில் அவசரத்தில் கிறுக்கினது மாதிரி இருந்தது, பார்க்கப் பார்க்கத்தான் அந்த ஒற்றைக் கோடு குளத்துத் தண்ணீர் என்று தெரிந்தது. கரையில் புல்லைச் சாய்த்துச் சாய்த்து இழுத்திருக்கிறாய், காற்றடிப்பது தெரிகிறது. பனைமரத்தின் தலையைப் பாதியில் விட்டிருக்கிறாய், அதுவே நன்றாயிருக்கிறது. இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை வந்து முன்னால் நிற்கும், உன் படத்தில் பார்வை போய்க்கொண்டே இருக்கிறது. பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் செல்லசாமி பார்த்துவிட்டு, என்னண்ணே, புள்ள பாதியிலயே விட்டுட்டாளே, ஒரு மனுசரக்கூடக் காணோமே என்றான். அவ கண்டத வரைஞ்சிருக்கா, ஒனக்கென்ன தெரியும் என்று சத்தம் போட்டேன். அவன் போன பிறகு அந்தப் பேச்சு என்னை விடவில்லை. பள்ளிக்கூடம் இல்லாத நாளில் தனியாக அந்தக் கரையில் போய் உட்கார்ந்துதானே வரைந்தாய். பேச ஒரு ஆள் இருந்தால் பென்சிலை எடுத்திருப்பாயா?

அம்மாவை அடக்கம் செய்த அன்று, டீச்சர் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று அழுதாய். வேண்டாமென்று நான்தான் ரயில் ஏற்றிவிட்டேன், அதில் இன்றைக்கும் எனக்கு மாற்றமில்லை. ஆனால் நீயும் நானும் ஒவ்வொரு கடிதத்திலும் சுகம் சுகம் என்றே எழுதிக்கொள்கிறோம். பகலெல்லாம் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுவதில் போய்விடுகிறது. விளக்கு வைத்து ரொட்டி சுட்டுத் தனியாகத் தின்னும்போதுதான் இந்தச் சின்னக் காம்பரா பெரிதாகிவிடுகிறது. நீயும் அங்கே இப்படித்தான் தின்கிறாய் என்று இந்தப் படம் வந்த பிறகு எனக்குத் தெரிந்துபோயிற்று. அதனால் தோட்டத்துக் கண்டாக்கு ஐயாவிடம் லீவு கேட்டேன். நீ எங்கடா போகப்போற என்று சிரித்தார். மகளப் பாக்கப் போறேங்க என்றேன், கொடுத்துவிட்டார். அட்டனைத் தாண்டி நான் ரயிலில் போனதில்லை, உனக்குத் தெரியும்.

வெயிலில் குடையில்லாமல் நடக்காதே, தண்ணீரைக் காய்ச்சிக் குடி. மாதா உன்னைக் கைவிடாமல் காப்பாற்றட்டும். குருத்து ஞாயிறுக்கு முந்தின நாள் வந்து சேருவேன். மறக்காமல் முருங்கன் ஸ்டேஷனுக்கு வந்து நில், தாயி. அங்கே உன்னைத் தவிர எனக்கு யாரையும் தெரியாது.

உன் அப்பா,
வி. அமிர்தநாதன்