அது விரதம் இல்லை அப்பா

என் பெரும் பசிக்கார அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை கடுகண்ணாவையில் நம் வீட்டில் உங்களுக்குப் படையல் போட்டோம். அன்றைக்கு வீட்டில் சண்டை போட்டவள் நான்தான். அத்தை உங்கள் படத்துக்கு முன்னால் நின்று என்னைப் பற்றி முறையிட்டிருப்பார். என் பக்கத்தையும் கேளுங்கள்.

முதலில் ஒரு செய்தி. சித்தப்பாவுக்கும் டயலிசிஸ் தொடங்கிவிட்டார்கள். உங்களைக் கொண்டுபோனது எதுவோ அதே சீனி வருத்தம்தான் உங்கள் தம்பியின் கிட்னியையும் தின்றிருக்கிறது. விடியும் முன் கம்பளையில் பஸ் ஏறி, கண்டியில் நீங்கள் போன அதே இடத்துக்குத்தான் போகிறார். ஒரு தடவை நீங்கள் படுத்திருந்த கட்டிலையே கொடுத்தார்களாம். அதைப் பெருமையாகச் சொல்கிறார், அப்பா. அதைக் கேட்டு நான் என்ன செய்ய?

அவருக்கு நீங்கள்தான் முன்மாதிரி. அவருக்கு மட்டுமல்ல, சொந்தக்காரர் எல்லாருக்கும். "கடைசி வரைக்கும் உப்புக்கல்லத் தொடாத மனுசன்", "நாக்க ஜெயிச்சவரு" என்று உங்களைப் பற்றி ஒரு கதையே கட்டி வைத்திருக்கிறார்கள். எந்த வீட்டில் யாருக்குச் சீனி கூடினாலும் உங்கள் பெயரைச் சொல்லித்தான் தட்டிலிருந்து எதையாவது எடுக்கிறார்கள். சித்தப்பாவும், "அண்ணே இருந்த மாதிரியே நானும் இருந்து காட்டுறேன்" என்று சொல்லிக்கொண்டு, அவித்த புடலங்காயும் வெறும் சோறுமாக இருக்கிறார். அதிலும் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்.

நாக்கை ஜெயித்தவரா நீங்கள்? ஹார்ட்வெயார் கடையைப் பூட்டிவிட்டு வரும்போது கையில் மீன் அடைத்த மாலுபாண் பொட்டலம் இல்லாமல் நீங்கள் வந்த நாள் எது? வாசல் கேட்டைத் திறக்கும்போதே இன்றைக்கு என்ன கறி என்று கேட்டுக்கொண்டு வருவீர்கள். அம்மா பருப்பு என்றால் முகம் சுருங்கும், மீன் என்றால் கை கழுவப் போய்விடுவீர்கள். இடியப்பம் அவிக்கிற நாளில் தட்டைக் கணக்கெடுக்க வேண்டாம் என்று எங்களுக்கு உத்தரவு. அந்த மனிதனை ஒரு சாமியாராக்கி வைத்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் வராதா?

நீங்கள் நாக்கை அடக்கவில்லை. உங்களுக்குப் பசிக்கவில்லை. இரண்டும் ஒன்றா?

எனக்கு ஒவ்வொன்றும் ஞாபகம் இருக்கிறது. முதலில் இறைச்சி இரும்பைக் கடிக்கிற மாதிரி இருக்கிறது என்றீர்கள். பிறகு தேத்தண்ணீர் கசந்தது. பிறகு சோறு வடிக்கிற வாசனைக்கே முகத்தைத் திருப்பினீர்கள். கை நிறைய மாத்திரை, தண்ணீரோ அளவாக. மெஷினில் இருந்துவிட்டு வந்தால் சாப்பாடு என்ற சொல்லே உங்களுக்குக் களைப்பைக் கொடுத்தது. "வேணாம்மா, வயிறு நெறஞ்ச மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவீர்கள். ஒரு குழந்தை இப்படி இரண்டு வேளை சாப்பிடாவிட்டால் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடுவோம். நீங்கள் மாதக்கணக்கில் சாப்பிடாமல் கிடந்தீர்கள். பார்க்க வந்தவர்கள் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

கிட்னி பழுதாகத் தொடங்கிய காலத்தில் கிளினிக்கில், மீனையும் இறைச்சியையும் குறைக்கச் சொன்னார்கள். அது அந்த நேரத்துக்குச் சரியான பேச்சு. அத்தை அதைப் பிடித்துக்கொண்டார். தம்பி உங்களுக்குச் சுகமாகும்வரை நம் வீட்டுக்குள் மச்சம் மாமிசம் வராது என்று முருகனுக்கு நேர்ந்துகொண்டார். மீன் போனது, கோழி போனது, முட்டையும் போனது. டாக்டர் சொன்ன பத்தியமும் சாமிக்கு வைத்த நேர்த்தியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பத்தியத்தை டாக்டர் தளர்த்தலாம். நேர்த்தியை யார் தளர்த்துவது?

அத்தை கெட்டவர் இல்லை, அது எனக்குத் தெரியும். உங்களுக்காக அவரும்தான் மீனைத் தொடவில்லை. அவர் உடம்பு அதைத் தாங்கியது. உங்கள் உடம்பு தாங்கவில்லை.

டயலிசிஸ் தொடங்கியதும் அந்தப் பழைய சட்டம் முடிந்துவிட்டது என்று நமக்கு ஒருவரும் சொல்லவில்லை. போன மாதம்தான் எனக்கே தெரிந்தது. ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டுச் சித்தப்பாவோடு போயிருந்தேன். புதிதாக வந்திருக்கிற ஒரு டாக்டர், சின்ன வயதுச் சிங்களப் பெண், சித்தப்பாவின் மேல்கைச் சதையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். நெற்றிப் பொட்டில் விழுந்திருந்த குழியைத் தொட்டுப் பார்த்தார். தெரிந்த கொஞ்சத் தமிழில், "ஐயா, சாப்பாடு எவ்வளவு?" என்று கேட்டார். அப்பா, உங்களோடு அங்கே போய்வந்த காலம் முழுவதும் நான் கேட்காத கேள்வி அது.

பிறகு என்னிடம் சிங்களத்தில் விளக்கினார். மெஷின் கழிவை மட்டும் எடுப்பதில்லை, உடம்புக்குச் சத்தாக இருப்பதிலும் கொஞ்சத்தை இழுத்துக்கொண்டு போய்விடும். ஆகவே மெஷினில் இருக்கிறவர் முன்பைவிடக் கூடத்தான் முட்டை, மீன், கோழி சாப்பிட வேண்டும். உப்பையும் தண்ணீரையும் சில பழங்களையும்தான் கட்டுப்படுத்த வேண்டும். எவ்வளவு என்பதை அவரவர் இரத்தப் பரிசோதனையைப் பார்த்துச் சொல்வார்கள். இவ்வளவுதான். பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவரிடம் சொல்லி முடிக்கக்கூடிய விஷயம்.

இதை ஏன் முதலிலேயே சொல்வதில்லை என்று கேட்டேன். சாப்பாட்டு ஆலோசனை சொல்வதற்கு ஒரே ஒருவர்தான் இருக்கிறாராம். அனுப்புகிற நோயாளிகளைத்தான் அவர் பார்ப்பாராம். யாரை அனுப்புவார்கள் என்றேன். முறைப்பாடு சொல்கிறவர்களை என்றார். சொல்லும்போது அந்தப் பெண்ணே தலையைக் குனிந்துகொண்டார். அவரோடு சண்டை போட எனக்கு மனம் வரவில்லை. பசியில்லை என்பதை யாராவது முறைப்பாடாகச் சொல்வார்களா? உங்கள் தலைமுறையில் சொல்வார்களா? சாப்பாடு வேண்டும் என்று கேட்கவே வெட்கப்பட்டு வளர்ந்தவர்கள் நீங்கள்.

உங்களை நிறுக்கத்தான் செய்தார்கள். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. தராசைப் பார்த்துவிட்டு நர்ஸ் "பர ஹரி" என்பார், எடை சரி. நாமும் சந்தோஷப்பட்டோம். உள்ளே சதை கரையக் கரைய அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. தராசுக்கு என்ன தெரியும்? உங்கள் முகம் ஊதியிருந்ததைப் பார்த்து அத்தை, முகம் தெளிந்துவிட்டது, நேர்த்தி வேலை செய்கிறது என்றார். கைக்கடிகாரமோ முழங்கை வரைக்கும் ஏறிப் போகும். நீங்கள் அதை இறக்கி இறக்கி விடுவீர்கள். அந்தக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

இனி படையலுக்கு வருகிறேன்.

அன்று அம்மா விடியற்காலையிலேயே அடுப்பு மூட்டிவிட்டார். ஆட்டிறைச்சிக் கறி, பாரை மீன் பொரியல், அவித்த முட்டை, கருவாடு, எல்லாம் உங்களுக்குப் பிடித்தவை. யாரோ கால் போத்தல் சாராயம் கொண்டுவந்து இலையின் ஓரத்தில் வைத்தார்கள். நம் வழக்கம் அது, செத்தவர் ஆசைப்பட்டதை இலையில் வைக்க வேண்டும். அத்தை தன் கையாலேயே முட்டையை உரித்து வைத்தார். உயிரோடு இருந்தவருக்கு வாசல்படி தாண்ட விடாத முட்டை, படத்துக்கு முன்னால் உரித்து வைக்கப்பட்டிருக்கிறது. இதை யார் சாப்பிடப் போகிறார்கள், அப்பா?

கற்பூரம் காட்டி, காகத்துக்கு வைத்த பிறகு எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சித்தப்பாவைத் தனியாக ஒரு கதிரையில் இருத்தி, உப்பில்லாத புடலங்காயும் சோறும் கொண்டுவந்து வைத்தார் அத்தை. சுற்றி இருந்தவர்கள் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா சோற்றை விரலால் இப்படியும் அப்படியும் தள்ளிக்கொண்டிருந்தார்.

"பெரியவன் நாக்கக் கட்டிப்போட்டிருந்தான்டா" என்றார் அத்தை. "ஒரு நாளு எனக்குப் பசிக்குதுன்னு சொன்னானா? நீயும் அதே வயித்துல பொறந்தவன்தானே?"

நான் எழுந்துவிட்டேன்.

"அவரு கட்டிப்போடல அத்தை. அவருக்குப் பசி செத்துப்போச்சு. அத நாம விரதம்னு சொல்லிக்கிட்டோம்."

டாக்டர் சொன்னதை எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். சொல்லிவிட்டு, உங்கள் இலையை அப்படியே எடுத்தேன். கருவாட்டையும் கறிக்குழம்பையும் உப்புக்காக ஒதுக்கினேன். முட்டையும் ஒரு துண்டு மீனும் இருந்த அந்த இலையைச் சித்தப்பாவுக்கு முன்னால் வைத்தேன்.

அத்தை என் கையைப் பிடித்தார். "படையல் எலைய நோயாளிக்கு வைப்பாங்களாடி? அடுத்தது இவன்தான்னு சொல்றியா?"

அந்த இடத்தில் எனக்கும் பயம் வந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். கோபத்தில் செய்துவிட்டேன், ஆனால் அந்த இலையைப் பார்த்த எல்லார் கண்ணிலும் இருந்தது என் கண்ணிலும் இருந்தது.

சித்தப்பாதான் காப்பாற்றினார். "ஏன் அக்கா, எலையில போத்தலும் இருந்திச்சே, அத மட்டும் ஒருத்தரும் நோயாளிக்கு வைக்கல பாத்தியா" என்றார். அடக்க முடியாமல் யாரோ சிரித்தார்கள். ஆனால் அவர் முட்டையைத் தொடவில்லை. மெதுவாக என்னிடம் சொன்னார். "அண்ணே சாப்பிடாதத நான் எப்படிப் புள்ள சாப்பிடுறது? அவர விட்டுக்குடுத்த மாதிரி ஆகாதா?"

உயிரோடு இருக்கிற ஒரு மனிதன், செத்துப்போன அண்ணனுக்கு மரியாதையாகப் பட்டினி கிடக்கிறான். அதற்கு எந்த டாக்டரின் பேச்சைச் சொல்வது?

அம்மா அடுப்படியிலிருந்து வந்தார். ஒரு தேசிக்காய்த் துண்டும் மிளகுத்தூளும் கொண்டுவந்து, சித்தப்பாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, முட்டையைப் பிட்டு அதில் பிழிந்து தூவினார். உப்பில்லாத குறை தெரியாமல் இருக்க.

"தம்பி, அவரு வேணாம்னு சொல்லல. நாங்க குடுக்கல" என்றார். "சாப்பிடுங்க."

சித்தப்பா வாங்கி வாயில் வைத்தார். நெடுநேரம் மென்றார். ருசி தெரிகிறதா என்று அம்மா கேட்க, "புளிப்பு மட்டும் தெரியுது அண்ணி" என்றார். அடுத்த துண்டுக்கும் கையை நீட்டினார். மீன் இறங்கவில்லை. அந்த ஒரு முட்டையைச் சாப்பிட்டு முடித்தார், அவ்வளவுதான். அத்தை எழுந்து கிணற்றடிக்குப் போய் நெடுநேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தார். நான் பின்னால் போகவில்லை. போயிருக்க வேண்டுமா, அப்பா?

இதெல்லாம் முடிந்து நாலு பேர் சொந்தத்தில் என்னோடு பேசுவதில்லை. பேசுகிறவர்களில் சிலர், படித்த திமிர் என்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் நேற்றுக் காலை கம்பளையில் சித்தப்பாவோடு இருக்கிற அத்தையிடமிருந்து போன் கோல் வந்தது. சித்தப்பா மெஷினுக்குப் போகிற நாளில், வெறும் வயிற்றோடு பஸ் ஏறாமல் இருக்க, கோழியை எப்படி உப்பில்லாமல் ருசியாகச் சமைப்பது என்று கேட்டார். வேறொன்றும் பேசவில்லை. உங்கள் பெயரையும் எடுக்கவில்லை. தேசிக்காயும் வெள்ளைப்பூண்டும் போடச் சொன்னேன். குரல் கம்மியிருந்தது, தடிமன் பிடித்திருக்கிறதாம்.

சித்தப்பா பிழைத்துக்கொள்வாரா என்று எனக்குத் தெரியாது. ஒரு முட்டையால் எந்தக் கிட்னியும் திரும்பி வருவதில்லை. அவருக்கு இன்னும் பசிக்கவில்லை. ஆனால் இப்போது பசிக்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்கிறார். அந்த டாக்டரிடமும் சொன்னார். சாப்பாட்டு ஆலோசகரிடம் அனுப்பியிருக்கிறார்கள். பக்கத்துக் கட்டில்களில் இருப்பவர்கள் நீங்கள் படுத்திருந்த மாதிரியே சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்கள். அவர்களை இன்னும் யாரும் கேட்கவில்லை.

ஆகவே நான் கேட்கப் போகிறேன், அப்பா. சித்தப்பாவோடு போகிற ஒவ்வொரு நாளும் அந்த வரிசையில் இருக்கிற ஒவ்வொருவரிடமும், தெரிந்த மொழியில், நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பேன். சாப்பிடவில்லை என்றால் அதைக் கொண்டுபோய் உள்ளே சொல்வேன். தொல்லை பிடித்தவள் என்று நர்ஸ்மார் சொல்லட்டும். சொந்தத்தில் யார் வாயிலிருந்து "நாக்க ஜெயிச்சவரு" என்று வந்தாலும், அந்த இடத்திலேயே நிறுத்தி உண்மையைச் சொல்வேன்: என் அப்பா சாப்பிட ஆசைப்பட்ட மனிதர், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கப் பட்டினியில் போனார். அந்தப் புகழுக்கு உங்கள் தம்பியை நான் கொடுக்க மாட்டேன்.

உங்களுக்கும் இனி சித்தப்பாவுக்கும் சேர்த்தே,
மூத்த மகள்.