இல்லாத ஆள்

ஜூன் 16, திங்.
விடியவே மழை. காலிக்குப் போகிற வீதி முழுக்க ஹோர்ன் சத்தம். பம்பலப்பிட்டி ஒபீசுக்கு நனைந்த சேலையோடு.

மீட்புத் திட்டக் கூட்டம். ஒபீஸ் வெள்ளத்தில் போய்விட்டது என்று வைத்துக்கொண்டு, வத்தளைக் கிளையில் கம்பியூட்டர் வேலை எல்லாவற்றையும் திரும்ப எழுப்பிப் பார்க்கும் ஒத்திகை. காப்புறுதிக் கணக்குகள் கிடக்கும் பழைய சேர்வர் என் பொறுப்பு, என் கல்யாணத்துக்கு முந்தியிருந்தே. மற்றதெல்லாம் கிளவுட்டில். அது நிரோஷன். கொட்டாஞ்சேனைப் பெடியன், போன வருடம் வந்தவன்.

ஒத்திகையில் ஒரு விதி: முக்கியமான ஆள் ஒருவர் அன்று இல்லை. போனை மூடிவிட்டு வீட்டில் இருக்க வேண்டும். நான்தான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"நிரோஷன் இல்லையெண்டு வைப்பம்," என்றார் ஜெயந்தன் சேர், எங்கள் மனேஜர்.

இல்லாமல் இருப்பதற்குக்கூட அவன்தானா?

வாங்க: பால்மா, ரின் மீன். குடை திருத்த.

18, புத.
வத்தளைக் கிளையில் ஒத்திகை. நிரோஷன் தன் வீட்டில். அவன் எழுதி வைத்ததை வாசித்தே மற்றப் பிள்ளைகள் கிளவுட்டை எழுப்பிவிட்டார்கள். ஒருவரும் அவனைத் தேடவில்லை. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

என் சேர்வருக்கு அங்கே ஒரு பிரதி. அதற்குச் சாவி மாதிரி ஒரு டொங்கிள் உண்டு, பெருவிரல் அளவு. பின்னால் சொருகாவிட்டால் உயிர் வராது. வழக்கம்போல் கைப்பையிலிருந்து எடுத்து நானே சொருகினேன்.

முடிந்ததும் சேர் போனில் அவனிடம், "நீ இல்லாமலே நடந்திட்டுதடா!" இதில் என்ன பெருமை? விளங்கவில்லை. பிறகு என்னிடம், "அடுத்த முறை நீங்கள் இல்லை, சரியோ?"

கடைசியில்!

24, செவ்.
சேர்வரை எழுப்பும் விதம் எழுதிக் கொடுத்தேன். 'டொங்கிளைச் சொருகவும்.' எங்கே இருக்கும் என்று எழுதவில்லை. ஒருவரும் கேட்கவும் இல்லை.

நி. வந்தான். "அக்கா, ஒருக்கா காட்டித் தாங்களேன்."

"எல்லாம் அதில இருக்கு, தம்பி." சிரித்துக்கொண்டே சொன்னேன். புது விளக்குமாறு, கூட்டிப் பார்க்கட்டும்.

26, வியா.
இரண்டாவது ஒத்திகை. நான் வெள்ளவத்தையில், வீட்டில். போன் மூடி. கடல் ஒரே இரைச்சல். டொங்கிள் கைப்பையில், கைப்பை மடியில்.

இவர்: "வேலையும் இல்லை, லீவும் இல்லை. பிறகேன் கோயில் மாடு மாதிரிச் சுத்துறீர்?"

மனம் உறுத்தவில்லை என்று எழுதினால் பொய். ஆனாலும் ஒரு தடவையாவது என்னைத் தேடட்டும்.

27, வெள்.
தேடியிருக்கிறார்கள்! "பின்னேரம் வரைக்கும் சேர்வர் எழும்பவேயில்லை அக்கா," என்றான் நி. "உங்களை விட்டா ஒருத்தராலயும் ஏலாது."

வரும் வழியில் இனிப்புக் கடையில் மஸ்கற் வாங்கினேன். இவருக்குக் காரணம் சொல்லவில்லை.

30, திங்.
மழை விட்டது. ஒத்திகை அறிக்கை வந்தது. முதல் வரியிலேயே என் பெயர். தலைப்பு: ஆபத்துகள். வெள்ளம் எனக்குக் கீழே, இரண்டாவதாக.

காரணம்: ஒரே ஆளை நம்பியிருத்தல். தீர்வு: பழைய சேர்வரை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் கிளவுட்டுக்கு மாற்றுதல். பொறுப்பு: நிரோஷன்.

சேர் கோபிக்கவில்லை. கோபித்திருக்கலாம். "அவனுக்குப் பக்கத்தில இருந்து எல்லாத்தையும் சொல்லிக் குடுங்கோ," என்று மட்டும்.

நி. தன் மேசைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு கதிரை இழுத்துப் போட்டு, தூசியையும் துடைத்துவிட்டு நின்றான்.

இருந்தேன்.