சேர்மன் விட்ட ஆறடியும் மிச்ச வீடும்

அனுப்புநர்
ர. சாந்தாமணி,
தமிழாசிரியை (ஓய்வு),
17, பெரியகடை வீதி,
வெள்ளியம்புதூர்.

பெறுநர்
உயர்திரு ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்,
வெள்ளியம்புதூர், கோவை மாவட்டம்.

பொருள்: முன்னாள் சேர்மன் வரதராஜுலு அவர்களின் வீட்டை மேலும் ஒன்பதடி இடிப்பதை நிறுத்தி வைக்கக் கோருதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. 1912 முதல் 1917 வரை இந்நகராட்சியின் சேர்மனாக இருந்த வரதராஜுலு என் தாத்தா. பிளேக் வந்தபோது சந்தையை ஊருக்கு வெளியே மாற்றியவரும், வீதிக்கொரு குழாய் போட்டவரும் அவரே. 1916 வரை ஊர் அவரைக் கொண்டாடியது.

2. அக்காலத்தில் பெரியகடை வீதியில் இரண்டு பஞ்சு வண்டிகள் எதிரெதிரே வந்தால் ஒதுங்க இடமில்லை. நாற்பத்தொரு வீடுகளும் முன்புறம் ஆறடி விடவேண்டும் என்று 1916இல் தீர்மானம் போட்டார். 'ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்று நடப்பவரல்லர். முதலில் தம் வீட்டையே இடித்தார். மற்ற நாற்பது பேரும் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கினார்கள். அடுத்த தேர்தலில் அவருக்கு விழுந்தவை ஏழு வாக்குகள். அதன்பின் சாகும்வரை நகராட்சிப் படியை அவர் மிதிக்கவில்லை. இன்றும் எங்கள் வீட்டு முன்னால்தான் வீதி அகலம். டவுன் பஸ்கள் திரும்புவதும் அங்கேதான்.

3. அவ்விடத்தில் பயணிகள் நிழற்குடை கட்ட இன்னும் ஒன்பதடி வேண்டுமென்று நோட்டீஸ் வந்துள்ளது. ஆதாரம், தாத்தா அன்று எழுதிக்கொடுத்த கடிதம். "வீதிக்குத் தேவையான மட்டும் எடுத்துக்கொள்ளலாம்" என்பது வாசகம். எத்தனை அடி என்று அவர் எழுதவில்லை. தேவையானதை மட்டும், அதாவது ஆறடி, என்பது அவர் கருத்து. எவ்வளவு தேவையோ அவ்வளவும் என்பது தங்கள் அலுவலகத்தின் கருத்து. முப்பது வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் பொய் சொல்லக்கூடாது. தங்கள் பொருளும் தவறில்லை.

அளக்க வந்த சர்வேயர் மோகன்குமார் என் பழைய மாணவர். "ஏனுங்க டீச்சர், உங்க தாத்தாவே எழுதிக் குடுத்துப்போட்டாருங்க. நாங்க என்னங்க பண்றது?" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவர்மேல் வருத்தமில்லை. ஆனால் ஓரடிகூடக் கொடுக்காத நாற்பது வீடுகளை விட்டுவிட்டு, கொடுத்த வீட்டிலேயே மறுபடி கேட்பது என்ன நியாயம்? எனக்கு வயிறு எரிகிறது ஐயா.

4. வீட்டில் இருப்பது நானும் என் அண்ணன் கிருபாசங்கரும். அவருக்கு அறுபத்துமூன்று வயது, பிறவியிலேயே பார்வையில்லை. இந்தச் சுவர்களைத் தடவித்தான் நடக்கிறார். வேறெங்கும் தனியாக நடந்ததில்லை. ஒன்பதடி போனால் அவர் அறையும் நடையும் போய்விடும்.

5. தாத்தா இன்றிருந்தால் இம்மனுவில் கையெழுத்துப் போடமாட்டார், கடப்பாரை எடுத்துக் கொடுப்பார் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அவர் தம் பேரனைப் பார்த்ததில்லை.

ஆகவே, அண்ணன் காலம்வரை இடிப்பதை நிறுத்தி வைக்குமாறு கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். பிறகு முழு வீட்டையும் நகராட்சியே எடுத்துக்கொள்ளட்டும், எங்களுக்கு வாரிசில்லை. முன்பு கொடுத்த மூன்று மனுக்களுக்குப் பதில் வராததால், இதற்கும் வருமென்ற நம்பிக்கை எனக்கு இல்லை. அப்படியானால் ஆட்கள் வருவதற்கு முதல்நாளாவது சொல்லியனுப்புங்கள். எந்தச் சுவர் நாளைக்கு இருக்காது என்று அண்ணன் கையைப் பிடித்துக் காட்டிவிட வேண்டும்.

இடம்: வெள்ளியம்புதூர்
நாள்: 14.7.1997

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) ர. சாந்தாமணி