முறுமுறுப்புக் கூட்டம்

அக்கா,

புது பிளெக்ஸ் பேனரின் மை நாற்றம் இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. மலைமேல் இந்தக் குண்டூர் நாட்டில் நீங்கள் குடியிருந்த மிஷனெரி வீட்டு வாசலில் நேற்றுக் காலை அதைக் கட்டினார்கள். நீங்கள் கர்த்தரிடம் போய் ஒரு வருடம் ஆகிவிட்டதல்லவா, அதற்கான ஸ்தோத்திரக் கூட்டம். சிரிக்கிற உங்கள் முகம். அதன் கீழே ‘ஒருநாளும் முறுமுறுக்காத ஊழியக்காரி’ என்று கொட்டை எழுத்து. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முறுமுறுக்காதவரா நீங்கள்? வீட்டுக்குப் பின்னால், மிளகுக்கொடி ஏறிய மரத்தடியில், பாத்திரம் கழுவுகிற கல்லில் உட்கார்ந்து நாம் முறுமுறுத்தது கொஞ்சமா நஞ்சமா! துணை சுகாதார நிலையத்தில் என் நர்ஸ் வேலை முடிந்து நான் வந்ததும், “வா பிள்ள, கூட்டத்த ஆரம்பிப்போம்” என்பீர்கள். முறுமுறுப்புக் கூட்டம் என்று பேர் வைத்ததே நீங்கள்தான். தலைவியும் நீங்கள், செயலாளரும் நீங்கள், கூட்டம் மட்டும் நான் ஒருத்தி.

“கர்த்தர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன் பிள்ள. அவரு கோவப்படல. சங்கத்துக்காரங்களுக்குத்தான் கோவம் வரும்” என்று சிரிப்பீர்கள். சிரித்து முடிப்பதற்குள் கண் நிறைந்துவிடும்.

எல்லாம் மகனை நினைத்துத்தான். உங்களை அனுப்பிய சங்கத்தின் வழக்கப்படி அவனைக் கீழே மிஷனெரிப் பிள்ளைகள் விடுதியில் விட்டிருந்தீர்கள். ஞாயிறுதோறும் போனில் அழுவான். மாதம் ஒருமுறை இறங்கிப் போய்ப் பார்த்து வருகிறேன் என்று சங்கத் தலைவரிடம் கேட்டீர்கள். “நீங்க ஊழியத்தப் பாருங்க, பிள்ளையக் கர்த்தர் பாத்துக்குவார்” என்றார். அவர் பிள்ளைகள் மட்டும் அவர் வீட்டிலேயே தூங்கின.

அந்த வேன் வந்த நாளை நான் மறக்கவே மாட்டேன். சமவெளிச் சபையொன்றிலிருந்து ஒரு கூட்டம், சங்கத் தலைவர் முன்னே வர, அருவி பார்த்த கையோடு உங்களையும் பார்க்க வந்தது. சமைத்துப் போட்டீர்கள். சாப்பிட்டுவிட்டுச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். தேவன் செய்த நன்மைகளைச் சொல்லி முடிப்பீர்கள் என்று எல்லாரும் காத்திருக்க, நீங்கள் எழுந்து உள்ளதைச் சொன்னீர்கள்.

“எம் மவன் அங்க அழுதுட்டு இருக்கான். எனக்கு ஜெபம் பண்ண வாயே வரமாட்டேங்கு. யாராவது எனக்காக...”

அவ்வளவுதான். “ஒரு பாட்டுப் பாடித் தேவனை மகிமைப்படுத்துவோம்!” என்று தலைவர் கைதட்டினார். கஞ்சிரா முழங்கியது. பாதியில் நின்ற வாயோடு நின்றீர்கள். பிறகு நீங்களும் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலுக்காகத்தான் அவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. வாசலில் நின்ற பக்கத்து வீட்டம்மா என் காதில், “ஏனுங்க, அந்தம்மா அழுவறப்போ எதுக்குங்க பாடறாங்க?” என்று கேட்டார். கிறிஸ்தவளாய்ப் பிறந்ததற்கு அன்றுபோல் நான் என்றும் கூசியதில்லை. அவர்கள் அன்னாசிப்பழம் வாங்கிக்கொண்டு வேன் ஏறினார்கள். நீங்கள் எச்சில் தட்டுகளை அள்ளிக்கொண்டு கல்லுக்கு வந்தீர்கள்.

நேற்றும் அதே தலைவர். உங்கள் வீட்டுக்கார அண்ணன் மகனைக் கூட்டிக்கொண்டு ஊருக்கே போய்விட்டதால், உங்கள் வீட்டில் இப்போது ஒரு இளம் தம்பதி இருக்கிறார்கள். அந்தப் பெண் இந்த ஜூனில்தான் தன் மகளை அதே விடுதியில் விட்டுவிட்டு வந்தாள். முன்வரிசையில் கையில் கஞ்சிராவோடு அவளை உட்கார வைத்து, பேனரைக் காட்டி, “நீயும் இவங்கள மாதிரி இருக்கணும்” என்றார். எனக்கு அடக்க முடியவில்லை. இரண்டு வார்த்தை பேசக் கூப்பிட்டதும் போய் நின்றேன்.

“அந்தப் பேனர்ல இருக்கறது பொய்யிங்க. அக்கா முறுமுறுத்தாங்க. அழுதாங்க. பையனப் பாக்கோணும்னு கேட்டாங்க, நீங்க விடல...”

“சிஸ்டர், நேரமாயிருச்சு” என்று தலைவர் பாட்டைத் தொடங்கினார். நாலைந்து பேர் சேர்ந்தார்கள். கஞ்சிரா மட்டும் கேட்கவில்லை. அவள் அதை மடியில் கவிழ்த்து, மேலே உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். தாளமில்லாத பாட்டு நொண்டி நொண்டி நின்றுபோனது. நான் பேசவேண்டியதைப் பேசி முடித்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

எல்லாரும் போனபின், நான் நம் கல்லில் உட்கார்ந்திருக்க, தட்டுகளோடு அவள் பின்பக்கம் வந்தாள்.

“ஏனுங்கக்கா, நெசமாவே அழுதாங்களா?”

“அழுதாங்க கண்ணு. ஆண்டவர்கூடச் சண்டையே போட்டாங்க. மறுநாளும் அவருகிட்டத்தான் போய் நின்னாங்க.”

“அப்ப நானும்...” என்றாள். தட்டுகளைக் கீழே வைத்தாள்.

நீங்கள் விட்டுப்போன கூட்டத்தை நான் கலைக்கவில்லை, அக்கா. கல்லில் கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டேன்.

“உக்காரு கண்ணு. நீ சொல்லி முடிக்கற வரைக்கும் இங்க யாரும் பாட மாட்டாங்க.”