இடது கை சலாம்

செவ்வாய்க்கிழமை. ஊட்டி.

படுத்த பிறகும் கோபம் அடங்கவில்லை, எழுந்து எழுதுகிறேன். எஸ்டேட்டில் தேயிலைச் செடியின் கிளைகளைக் கவாத்து வெட்டும் மாரப்பன் இன்று என்னிடம் எக்ஸ்ரே எடுக்க வந்தான். கத்தி வீசி வீசி வலது தோள் போய்விட்டது. "கை மேல ஏறவே மாட்டேங்குதுங்க" என்றான்.

பிளேட்டைக் கழுவிப் பார்த்தேன். தோள் நுனி எலும்பு கொக்கி மாதிரி கீழே வளைந்திருந்தது. அடியில் இருக்கும் சதைக்கு இடமே இல்லை. வெள்ளைக்கார டாக்டர் துரை ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று, யாரும் கேட்காமலே இடது தோளையும் எடுத்தேன். அதிலும் அதே கொக்கி.

துரை இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ரெண்டும் ஒரே மாதிரி. இடது வலிக்கவில்லை, வலது மட்டும் எப்படி வலிக்கும்? நடிக்கிறான். லீவு கிடையாது" என்றார்.

இடது கையாலா அவன் கவாத்து வெட்டுகிறான்? நாளெல்லாம் அந்தக் கொக்கியில் உரசுவது எந்தத் தோள்? இதைத் துரையிடம் கேட்காமல் பிளேட்டுகளை எடுத்து உறையில் போட்டேன். நல்லதுக்கு என்று நான் எடுத்த பிளேட் அவனுக்கே வினையாகிவிட்டது.

கிளம்பும்போது மாரப்பன் துரைக்கு இடது கையால் சலாம் வைத்தான்.

"இடது கையில் சலாமா? திமிரா?" என்று எகிறினார் துரை.

அவன் பயந்துபோய், இடது கையால் வலது முழங்கையைத் தாங்கித் தூக்கினான். கை நெஞ்சுக்கு மேல் வரவில்லை. அப்படியே குனிந்து, நெற்றியைக் கைக்குக் கொண்டுபோனான்.

துரைக்கு அந்தச் சலாம் போதுமாக இருந்தது.